வைத்தியரிடம் போன வருகை எந்த வகை? கணினியால் சரியாகச் சொல்ல முடியுமா? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் ஒரு மாடி அறையில் இருந்துகொண்டு அமெரிக்கக் கிளினிக்குகளின் நோயாளர் குறிப்புகளைப் படித்து, ஒவ்வொரு வருகைக்கும் அதன் வகையைக் காட்டும் இலக்கம் போட்டுத் தரம் பிரிக்கும் வேலை எனக்கு. முதல் சில வருடங்கள் கையால் செய்தேன். இப்போது அதைச் செய்யும் மென்பொருளுக்கு விதி எழுதுகிறேன், அது போட்ட இலக்கங்களைச் சரிபார்க்கிறேன். நியூயோர்க்கில் காலை 8 மணிக்குக் கிளினிக் திறக்கும்போது இங்கே கோடையில் மாலை 5.30, குளிர்காலத்தில் 6.30. எல்லாரும் வேலை முடிந்து வரும் நேரத்தில் நான் சைக்கிளை எடுத்தால் வழியில் யாராவது நிறுத்திக் கேட்பார்கள். சொந்தக்காரர், பல்கலைக்கழகப் பிள்ளைகள், தனியார் வைத்தியசாலைகளில் கிளைம் படிவம் நிரப்புகிறவர்கள் கேட்டவற்றைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வருகையை வகைப்படுத்துவது என்றால் என்ன? அது ஏன் அவ்வளவு முக்கியம்?

ஒருவர் வைத்தியரிடம் போய் வருகிறார். சும்மா காட்டிவிட்டு வந்தாரா, அவசரப் பிரிவுக்குப் போனாரா, வார்டில் அனுமதித்தார்களா, ஒருநாள் சத்திரசிகிச்சையா, பழைய வருத்தத்துக்குத் திரும்பப் போனாரா? காப்புறுதி நிறுவனம் நோயை மட்டும் பார்த்துக் காசு கொடுப்பதில்லை, இந்த வகையையும் பார்க்கிறது.

என் பெரியம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. கண்ணில் வெண்புரை வந்து, தனியார் வைத்தியசாலை ஒன்றில் வில்லை வைத்தார்கள். காலையில் போய்ப் பின்னேரம் வீட்டுக்கு வந்துவிட்டார். இரவு தங்கவில்லைத்தானே என்று நினைத்து, படிவம் நிரப்பியவர் 'வெளிநோயாளர்' என்ற பெட்டியில் சரி போட்டுவிட்டார். பெரியம்மாவின் காப்புறுதியில் வெளிநோயாளர் செலவுக்கு இடமில்லை. ஒருநாள் சத்திரசிகிச்சைக்கு இருந்தது. மூன்று வாரம் கழித்து ஒரே பந்தியில் மறுப்புக் கடிதம் வந்தது. "கண்ணுக்குள்ள கத்தி வச்சவங்கள் தம்பி, இவை சும்மா மருந்து எடுத்த கணக்கெண்டு எழுதியிருக்கினம்" என்று கடிதத்தை என்னிடம் நீட்டினார். வில்லையோடு வந்த ஸ்டிக்கரை ஒட்டிய அட்டை அவரிடம் பத்திரமாக இருந்தது. அதன் பிரதியையும் தியேட்டர் நேரம் எழுதியிருந்த பக்கத்தின் பிரதியையும் வைத்துத் திரும்ப அனுப்பிய பிறகுதான் காசு வந்தது. அதுவரை, கைமாற்றாக வாங்கிய காசுக்கு அவர்தான் இரண்டு மாதம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு பெட்டியில் சரி மாறி விழுந்ததால் வந்தது அவ்வளவும். நான் இந்த வேலையை இன்னும் விடாமல் செய்வதற்கு அந்தக் கடிதமும் ஒரு காரணம்.

அமெரிக்காவில் எப்படி வகைப்படுத்துகிறார்கள்?

இரண்டு இலக்கத் தொகுதிகள் சேர்ந்து போகும். என்ன நோய் என்பதற்கு ஐசிடி. உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய வகைப்பாடு அது. அதன் பத்தாம் பதிப்பைத் தங்களுக்கு ஏற்ப விரித்து, 2015 ஒக்டோபர் 1 முதல் அமெரிக்கா பயன்படுத்துகிறது. என்ன செய்தார்கள் என்பதற்கு சிபிடி. அது அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சொத்து, 1966இல் தொடங்கியது.

சாதாரணக் கிளினிக் வருகைக்கான சிபிடி இலக்கங்கள் இரண்டு வரிசை. புதிய நோயாளிக்கு 99202 முதல் 99205 வரை. ஏற்கெனவே வருகிறவருக்கு 99211 முதல் 99215 வரை. கடைசி இலக்கம் கூடக்கூட வருகை சிக்கலானது என்று பொருள், கட்டணமும் கூடும். 99211 மட்டும் வைத்தியர் நேரில் பார்க்காமலேயே போடக்கூடியது. தாதி பிரஷர் பார்த்து அனுப்பும் வருகை மாதிரி. முன்பு 99201 என்றும் ஒன்று இருந்தது. 2021இல் விதிகளைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள்.

அந்த 2021 திருத்தம் பெரிய விசயம். அதற்கு முன் 1995, 1997 வழிகாட்டிகளின்படி எத்தனை உறுப்புகளைப் பரிசோதித்தார், எத்தனை கேள்வி கேட்டார் என்று எண்ணிக்கொண்டிருந்தோம். வைத்தியர்களும் எண்ணிக்கைக்காகவே பக்கம் பக்கமாக எழுதினார்கள். இப்போது அந்த எண்ணல் இல்லை. வைத்தியர் எடுத்த தீர்மானம் எவ்வளவு சிக்கலானது என்று பார்க்கலாம், அல்லது அன்றைக்கு அந்த நோயாளிக்காக அவர் செலவழித்த மொத்த நேரத்தைப் பார்க்கலாம். இரண்டில் எதையும் எடுக்கலாம்.

நேரம் கணக்கிடுவது சுலபம்தானே? அதை மட்டும் கணினியிடம் விட்டால் என்ன?

இதை எங்கள் குழுவிலேயே ஒரு தம்பி கேட்டார். அவருக்குக் காட்டிய குறிப்பு மாதிரியே ஒன்றை இங்கே கட்டித் தருகிறேன், உண்மையான நோயாளியுடையது இல்லை.

62 வயது. சீனி வருத்தம், கிளினிக்குக்கு வழக்கமாக வருகிறவர். எச்பிஏ1சி (கடந்த சில மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) 8.4. மெட்போர்மின் 500 மில்லிகிராமில் இருந்து 1000 ஆகக் கூட்டினார் வைத்தியர். மொத்த நேரம் 22 நிமிடம்.

நேரத்தை மட்டும் பார்த்தால் 99213. அதற்கு 20 நிமிடம் வேண்டும், 99214க்கு 30 வேண்டும். இப்போது தீர்மானத்தின் பக்கம் வாருங்கள். அங்கே மூன்று கூறுகள்: எந்தப் பிரச்சினையைப் பார்த்தார், எந்தத் தகவல்களை ஆராய்ந்தார், நோயாளிக்கு எவ்வளவு ஆபத்து. மூன்றில் இரண்டு ஒரு நிலையை எட்டினால் போதும். சீனி இலக்குக்குள் இல்லை என்றால் அது அடங்காத நாட்பட்ட நோய், நடுத்தரச் சிக்கல். மருந்தைத் தீர்மானித்து அளவை மாற்றியதால் ஆபத்தும் நடுத்தரம். இரண்டும் பொருந்திவிட்டன, இது 99214.

மணிக்கூட்டை மட்டும் பார்க்கும் மென்பொருள் அந்த வைத்தியரின் உழைப்பை ஒரு படி குறைத்துக் காட்டியிருக்கும். நேரத்திலும் ஒரு பொறி இருக்கிறது. நோயாளி வருவதற்கு முன் பழைய அறிக்கைகளைப் பார்த்த நேரமும், போன பிறகு அன்றைக்கே குறிப்பு எழுதிய நேரமும் கணக்கில் வரும். தாதி செலவழித்த நேரம் வராது. அறைக் கதவு திறந்து மூடிய நேரத்தைக் கணினி எடுத்தால் இரண்டு பக்கத்தாலும் பிழை வரும்.

மென்பொருளை நம்பி எதை விடலாம்?

திகதியும் இடமும் சம்பந்தப்பட்டதை விடலாம். கிளினிக்கா, அவசரப் பிரிவா, வீட்டில் இருந்தபடி வீடியோவில் பார்த்ததா என்பதற்கு இட இலக்கங்கள் உண்டு: கிளினிக் 11, உள்நோயாளர் 21, அவசரப் பிரிவு 23, வீட்டில் இருந்து தொலைவழி 10. இவை பதிவிலேயே கிடக்கும், ஊகிக்கத் தேவையில்லை.

புதியவரா பழையவரா என்பதும் அப்படித்தான் என்று நினைத்தேன். விதி தெளிவாக இருக்கிறது: கடந்த 3 வருடத்துக்குள் அதே வைத்தியரோ, அதே குழுவில் அதே துறையைச் சேர்ந்த இன்னொரு வைத்தியரோ பார்த்திருந்தால் அவர் பழையவர். திகதியைக் கழித்துப் பார்த்தால் முடிந்தது. ஆனால் ஒரு நாள் எங்கள் ஆட்களின் பெயர் ஒன்று இரண்டு தரம் வந்து நின்றது. முதல் தடவை தகப்பன் பெயரைக் குடும்பப் பெயராகப் பதிந்திருந்தார்கள், இரண்டாம் தடவை கணவர் பெயரை. தர்சினி என்ற பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒரு இடத்தில் 'டி-எச்' என்றும் இன்னொரு இடத்தில் 'டி' என்று மட்டும் தொடங்கியிருந்தது. கணினிக்கு அவர்கள் இரண்டு மனிதர்கள், இருவருமே புதியவர்கள். பிறந்த திகதியும் மருந்துப் பட்டியலும் ஒன்றாக இருப்பதைப் பார்த்துத்தான் பிடித்தோம். வெளிநாட்டுக்குப் போன நம்மவர் பெயர்கள் எத்தனை விதமாக உடைகின்றன என்பது யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த விதியை நான்தான் எழுதினேன், அதில் எனக்குப் பெருமை உண்டு.

குறிப்பைச் சாட்ஜிபிடி மாதிரியான ஒன்றிடம் கொடுத்து இலக்கத்தைக் கேட்டால் போதாதா?

பதில் வரும், உறுதியான குரலிலும் வரும். அதனால்தான் கவனம் வேண்டும். குறிப்பில் இருக்கும் சொற்களைப் பிடிப்பது சாட்ஜிபிடி போன்ற இப்போதைய மொழி மாதிரிகளுக்குச் சிரமமில்லை. அந்தச் சொல் அந்த இடத்தில் எந்த நிலையில் நிற்கிறது என்பதில்தான் வழுக்குகின்றன. மூன்று இடங்களில் நான் அடிக்கடி காண்கிறேன்.

முதலாவது, சந்தேகம். 'டெங்குவாக இருக்கலாம்' என்று எழுதியிருந்தால் டெங்கு என்று போட்டுவிடும். அமெரிக்க விதிப்படி வெளிநோயாளர் வருகையில் சந்தேகத்தை நோயாக எழுதக்கூடாது. தெரிந்த அறிகுறியைத்தான் எழுத வேண்டும். இங்கே காய்ச்சல், அதாவது ஆர் 50.9. அதே சந்தேகம் வைத்தியசாலையில் தங்கியவருக்கு வீட்டுக்கு விடும்போதும் நீங்காமல் இருந்தால், நோய் இருப்பதாகவே எழுதலாம். ஒரே வசனம், இடத்தைப் பொறுத்து இரண்டு இலக்கம். மாரி மழை தொடங்கினால் யாழ்ப்பாணத்தில் எத்தனை காய்ச்சல் 'டெங்கோ' என்ற கேள்வியோடு வந்து, இரத்தம் பார்த்ததும் வேறாகிப் போகிறது என்று நமக்குத் தெரியும். சந்தேகத்தை நோயாக்கினால் அந்த ஆளின் பதிவில் அது கிடந்துவிடும்.

இரண்டாவது, பழைய குறிப்பில் இருந்து பிரதி பண்ணியது. போன வருகையின் நோய்ப் பட்டியல் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும்: பிரஷர், கொலஸ்ட்ரோல், முழங்கால் வாதம். அன்றைக்குப் பார்த்தது தடிமன் மட்டும். பட்டியலில் இருப்பதால் பார்த்ததாக ஆகாது. அன்றைக்கு மதிப்பிட்டோ மருந்து கொடுத்தோ இருக்க வேண்டும். மொழி மாதிரி எல்லாவற்றையும் எண்ணி 99214 என்று சொல்லும். உண்மையில் அது அதற்குக் கீழே.

மூன்றாவது, ஒரே நாளில் இரண்டு வேலை. முழங்காலில் ஊசி போட ஏற்கெனவே நாள் கொடுத்து, வந்தவருக்கு ஊசி மட்டும் போட்டால் தனியாக வருகைக் கட்டணம் இல்லை. வந்த இடத்தில் பிரஷர் ஏறியிருப்பதைக் கண்டு மருந்தை மாற்றினால் அது தனி வருகை; 25 என்ற இணைப்பு இலக்கத்தோடு போகும். எங்கே கோடு கீறுவது என்பது மனிதரையே யோசிக்க வைக்கும் விசயம்.

ஆகவே எங்கள் முறை இது. மொழி மாதிரியிடம் இலக்கத்தைக் கேட்பதில்லை. எந்தப் பிரச்சினையைப் பார்த்தார், எந்த அறிக்கையை ஆராய்ந்தார், எந்த மருந்தை மாற்றினார் என்று தனித்தனியாகக் கேட்கிறோம், ஒவ்வொன்றுக்கும் குறிப்பில் உள்ள வரியைக் காட்டச் சொல்கிறோம். வரி இல்லாவிட்டால் அந்தப் பதில் தள்ளுபடி. இலக்கத்தை முடிவு செய்வது எழுதிவைத்த விதி. மொழி மாதிரியின் பதில்களும் விதியும் ஒத்துவராத குறிப்பு மனிதரின் மேசைக்கு வரும். 'எனக்குத் தெரியவில்லை, நீங்கள் பாருங்கள்' என்று சொல்லத் தெரியாத மென்பொருளை நான் எந்தக் கிளினிக்குக்கும் கொடுக்க விடமாட்டேன்.

துல்லியம் நூற்றுக்கு எத்தனை?

விற்க வருகிறவர்கள் ஒரு எண்ணைச் சொல்வார்கள். அந்த ஒற்றை எண்ணை வாங்காதீர்கள். ஒரு கிளினிக்கின் 100 வருகையில் 70 மூன்றாம் நிலை, அதாவது 99213, என்று வைத்துக்கொள்ளுங்கள். எதைக் கொடுத்தாலும் 'மூன்று' என்று சொல்லும் மென்பொருளுக்கும் 70 புள்ளி கிடைக்கும், அது ஒன்றையும் படிக்கவில்லை. ஒவ்வொரு நிலைக்கும் தனியாகக் கேளுங்கள். கூட்டிப் போட்டது எத்தனை, குறைத்துப் போட்டது எத்தனை என்று பிரித்துக் கேளுங்கள். அப்புறம், ஒப்பிட்ட 'சரியான விடை' யாருடையது என்றும் கேளுங்கள். அனுபவமுள்ள இரண்டு பேரிடம் ஒரே குறிப்பைத் தனித்தனியாகக் கொடுத்தால் அவர்களே சில இடங்களில் ஒத்துப்போக மாட்டார்கள். அந்த இடங்களை முதலில் பேசித் தீர்க்காமல் மென்பொருளுக்குப் பரீட்சை வைப்பதில் அர்த்தமில்லை.

கூட்டிப் போட்டால் காப்புறுதி நிறுவனத்துக்குத்தானே நட்டம்?

இல்லை. அமெரிக்காவில் பல நோயாளிகள் கட்டணத்தில் ஒரு பங்கைத் தாங்களே கட்டுகிறார்கள். நிலை ஏறினால் அவர்களுடைய பங்கும் ஏறும். அரசாங்கக் காப்புறுதிக்குத் தெரிந்தே கூட்டி அனுப்பினால் பொய்க் கோரிக்கைச் சட்டம் பாயும். 1863இல், உள்நாட்டுப் போர்க் காலத்தில், படைக்குப் பொருள் விற்று ஏமாற்றியவர்களைப் பிடிக்க வந்த சட்டம் அது. குறைத்துப் போட்டால் சின்னக் கிளினிக் நட்டப்படும்.

வகை மாறுவதால் மட்டும் என்ன நடக்கும் என்பதற்கு ஒன்று சொல்கிறேன். அங்கே முதியவர்களுக்கான மெடிகேர் திட்டத்தில், வைத்தியசாலைக் கட்டிலில் இரவு படுத்திருந்தாலும் 'அவதானிப்பில்' வைத்திருந்தால் அவர் வெளிநோயாளர்தான். இரண்டு நள்ளிரவைத் தாண்டித் தங்க வேண்டியிருக்கும் என்று வைத்தியர் எதிர்பார்த்தால் பொதுவாக உள்நோயாளராக அனுமதிக்கலாம் என்ற விதி 2013 ஒக்டோபரில் வந்தது. பிறகு பராமரிப்பு நிலையத்தில் தங்கும் செலவை மெடிகேர் ஏற்க, 3 நாள் உள்நோயாளராக இருந்திருக்க வேண்டும். அவதானிப்பு நாட்கள் அதில் சேராது. கட்டில் ஒன்று, தாதி ஒருவர், மருந்து ஒன்று, பில் வேறு. அதை வாசித்தபோது பெரியம்மாவின் கடிதம்தான் ஞாபகம் வந்தது.

நோயாளிகளின் இரகசியம்?

எங்களிடம் பயிற்சிக்கு வரும் குறிப்புகளில் பெயர், முகவரி, தொலைபேசி, திகதிகள் என்று 18 வகை அடையாளங்களை நீக்கியிருக்க வேண்டும். அது அமெரிக்கச் சட்டம் சொல்லும் ஒரு முறை. இலங்கையிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். இலவசமாகக் கிடைக்கிறது என்று எந்தத் தளத்திலும் ஒருவரின் மருத்துவக் குறிப்பை ஒட்டாதீர்கள். உங்கள் சொந்த அம்மாவுடையதாக இருந்தாலும் வேண்டாம்.

இதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவரலாமா?

அரசாங்க வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம், வருகைக்கு பில் இல்லை. போதனா வைத்தியசாலையில் கிளினிக் கொப்பியோடு காத்திருக்கும் ஒருவருக்கு இந்த இலக்கங்களால் ஒன்றும் ஆகப்போவதில்லை. தனியார் வைத்தியசாலைக்குப் போகிறவர்கள், அக்ரஹார காப்புறுதியில் உள்ள அரச ஊழியர்கள், நிறுவனக் காப்புறுதி உள்ளவர்கள், இவர்களுக்குத்தான் வகை முக்கியம்.

ஆனால் மென்பொருள் வாங்குவது முதல் வேலை இல்லை. துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று மருந்துக்கடைக்காரருக்கு மட்டும் விளங்கும் நிலையில், கணினி எதைப் படிக்கும்? கிளைம் பகுதியில் வேலை செய்யும் அக்கா ஒருவர் கேட்டதற்கு ஒரு பக்கப் படிவம் கீறிக் கொடுத்தேன். வந்த நேரம், போன நேரம். வெளிநோயாளர், அவசரம், ஒருநாள் சத்திரசிகிச்சை, அனுமதி என்று நான்கு பெட்டி. ஒன்றில்தான் சரி போடலாம். என்ன செய்தார்கள் என்று ஒரு வரி. நோய் உறுதியா சந்தேகமா என்று ஒரு பெட்டி. அவ்வளவுதான். படிவம் அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை: தியேட்டர் பதிவில் பெயர் இருந்து, படிவத்தில் வெளிநோயாளர் என்று இருந்தால் நிறுத்திப் பார். எக்செல்லிலேயே செய்யலாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே படிப்பித்தார். மாணவர்களோடு சேர்ந்து மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். மருத்துவத்துக்குத் தமிழில் சொல் இல்லை என்று இந்த ஊரில் யாரும் சொல்ல முடியாது. நோயாளி 'நெஞ்சு அடைக்குது', 'தலை சுத்துது', 'சீனி கூடிப்போச்சு' என்று சொல்வதை அப்படியே எழுதி, அதைச் சரியான இலக்கத்தோடு இணைக்கும் ஒரு அகராதியை நாம் கட்டலாம். அதற்கு ஆள் இங்கே இருக்கிறது.

இந்த வேலையே இல்லாமல் போய்விடாதா?

சுலபமான குறிப்புகளைக் கணினி எடுத்துக்கொள்ளும். ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒரு நாளைக்கு இத்தனை குறிப்பு என்ற எண்ணிக்கையை நம்பி மட்டும் இதற்குள் வர வேண்டாம் என்று பிள்ளைகளிடம் நேராகவே சொல்கிறேன். சிக்கலான குறிப்பைப் படித்து, மறுக்கப்பட்ட கிளைமுக்கு விதியைக் காட்டிப் பதில் எழுதத் தெரிந்தவர் தேவைப்படுவார். உடற்கூற்றியலை ஒழுங்காகப் படியுங்கள். இப்படி இலக்கம் போடுகிறவர்களுக்கான சிபிசி சான்றிதழ்ப் பரீட்சை 100 கேள்வி, 4 மணித்தியாலம், இலக்கப் புத்தகங்களைப் பார்த்து எழுதலாம். ஆனால் எந்தப் பக்கத்தைத் திறப்பது என்று தெரியாதவருக்குப் புத்தகம் உதவாது.

பல்கலைக்கழகச் செயற்திட்டமாகச் சிறிதாகச் செய்து பார்க்க எங்கே தொடங்கலாம்?

சிபிடி இலக்கங்களை மென்பொருளில் போட்டு வெளியிட அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அனுமதி வேண்டும், ஆகவே அதில் தொடங்காதீர்கள். நான் மேலே சொன்ன நான்கு பெட்டியில் தொடங்குங்கள். கற்பனையாக 50 வருகைக் குறிப்பு எழுதுங்கள். அதில் பத்தையாவது வேண்டுமென்றே கடினமாக்குங்கள்: இரவு தங்காத சத்திரசிகிச்சை, அவசரப் பிரிவில் இருந்து வார்டுக்கு மாற்றியது, சந்தேகத்தோடு முடிந்த காய்ச்சல். இரண்டு நண்பர்களிடம் தனித்தனியாகக் கொடுத்து வகைப்படுத்தச் சொல்லுங்கள், அவர்களில் ஒருவர் தாதியாக இருந்தால் இன்னும் நல்லது. இருவரும் முரண்பட்ட குறிப்புகளை மேசையில் பரப்பி வைத்து, ஏன் என்று கேட்டு எழுதுங்கள். உங்கள் மென்பொருளின் முதல் விதிகள் அந்தத் தாளில்தான் இருக்கும்.